பிளீச்சிங் பவுடர் மரியாதை

எழில்மொழிக்கு மாநகராட்சி கொடுத்த பதவியின் பெயர் ‘சுற்றுச்சூழல் விதிமுறைகள் அமலாக்க ஒருங்கிணைப்பாளர்’. பெயர்ப்பலகை எழுத வந்தவர் கதவை அளந்து பார்த்துவிட்டு, “மேடம், உங்க பேரு உள்ள நிக்கும். பதவி செவுத்துக்குப் போவும்” என்றார். கடைசியில் ‘சு.வி.அ.ஒ.’ என்று சுருக்கி எழுதினார்கள். அதைப் படித்தவர்கள் புதிதாக ஏதோ கட்சி ஆரம்பித்திருக்கிறார்கள் என்று பயந்து கதவைத் தட்டாமலே போனார்கள். வெளியே யாருக்கும் அந்தக் குழப்பம் இல்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அவள் பெயர் நோட்டீஸ் அக்கா.

நான் மெர்லின். ராயபுரம். அதே மண்டல அலுவலகத்தில் அவளுக்கு எதிர் மேசை. அவள் சொல்லச் சொல்ல நோட்டீஸை டைப் அடிப்பது என் வேலை. நோட்டீஸ் வாங்கியவர்கள் வந்து கத்தும்போது, “மேடம் ஃபீல்டுக்குப் போயிருக்காங்க” என்று பொய் சொல்வதும் என் வேலைதான். முதல் வேலைக்கு மட்டும் சம்பளம் தருகிறார்கள்.

எழில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவள். வீட்டில் புத்தர் படம், பக்கத்தில் ரேஷன் கார்டு, இரண்டுக்கும் ஒரே ஆணி. கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுத்ததற்கு லட்சியம் கிட்சியம் எதுவும் காரணம் இல்லை. அந்த ஒரு வகுப்பில்தான் இடம் காலியாக இருந்தது. “குப்பையப் பத்திப் படிக்கறதுக்குக் காலேஜா? நம்ம தெருவுல நின்னாலே பட்டம் குடுப்பானுங்களே” என்று அவள் அம்மா கேட்டாராம். கணவர் திலீப் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். அந்த லாரி புகை கக்குகிறது என்று அவர் கம்பெனிக்கே நோட்டீஸ் அனுப்பியவள் இவள். லாரி பழுது பார்க்கப் போய்விட்டது, திலீப் வீட்டில் உட்கார்ந்தார். “நல்ல பொண்டாட்டி வாச்சா பாரு எனக்கு” என்று சொல்லிக்கொண்டே அந்த வாரம் முழுக்க அவர்தான் சமைத்தார்.

அவள் செய்கிற வேலையை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால், கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்கார வைப்பது. ஐஸ் கம்பெனிக்கு ஒரு விதி, பிளாஸ்டிக் உருக்குகிற பட்டறைக்கு ஒரு விதி, கல்யாண மண்டப ஜெனரேட்டருக்கு ஒரு விதி. ஒவ்வொரு விதிக்கும் ஒரு துறை. ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்காரரின் போனை எடுக்க மாட்டார். இவள் எல்லோரையும் பிடித்து இழுத்து வந்து, பட்டறைக்காரர்களையும் எதிரில் உட்கார வைத்து, யார் எதை எந்த மாதத்துக்குள் சரி செய்வது என்று முடிவு கட்டுவாள். நடுவில் இரண்டு முறை மேசையைத் தட்டுவாள். அந்த மேசை என்னுடையது.

இந்தக் கதை வசீமின் கடையில் ஆரம்பித்தது.

வசீமின் வாட்டர் வாஷ் கடை விம்கோ நகர்ப் பக்கம். கார், வேன், லோடு ஆட்டோ எல்லாம் கழுவுவார். கழுவிய தண்ணீர் கிரீஸும் டீசலுமாக மழைநீர் வடிகாலில் இறங்கும். அங்கிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து முகத்துவாரம். அங்கே இறால் பிடிக்கிறவர்கள் கையைக் கழுவுவதற்கே பாதி சோப்பு தீர்ந்துவிடும். எண்ணெயைப் பிரிக்கிற தொட்டி கட்டு என்று எழில் இரண்டு நோட்டீஸ் கொடுத்தாள். தொட்டி என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தடுப்பு வைத்த தொட்டியில் தண்ணீர் நின்று போகும், எண்ணெய் மேலே மிதக்கும், அதை வழித்து எடுத்துவிடலாம். வசீம் இரண்டு நோட்டீஸாலும் கார் கண்ணாடி துடைத்தார். எழிலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து கடைக்குச் சீல் வைத்துவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய நேரம். சேறு அப்பிய வண்டிகள் வரிசை கட்டுகிற காலம். அந்தக் காலம் முழுக்க வசீமின் கடை மூடிக் கிடந்தது. மச்சான்களைக் கூட்டி வந்து, மழை விட்ட நேரமெல்லாம் பள்ளம் தோண்டி, ஒருவழியாகத் தொட்டியைக் கட்டி முடித்தார். எழில் போய்ப் பார்த்தாள், தண்ணீர் விட்டுச் சோதித்தாள், சீலை எடுத்தாள். அப்படியே வண்டியைக் கிளப்பி வந்திருக்க வேண்டியதுதானே? எதிரில் இருந்த டீக்கடையில் நின்றாள். நானும் கூட நின்றேன்.

வசீம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “அக்கா, நான் கட்டிட்டேன். உன் டிப்போல கட்டியாச்சா? தெனிக்கும் அத்தினி குப்ப லாரி கயுவுறாங்களே, அந்தத் தண்ணி இன்னா பன்னீரா?”

டீக்கடையே சிரித்தது. டீ மாஸ்டர் தன் பங்குக்கு, “மாமியா ஒடச்சா மண்கொடம், மருமவ ஒடச்சா பொன்கொடம்” என்று பாட்டாகவே பாடினார்.

மாநகராட்சியின் குப்பை லாரிகளைக் கழுவி நிறுத்துகிற டிப்போவைத்தான் வசீம் சொன்னார். அது எங்கள் மண்டலத்துடையது. எந்த டிப்போ என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் வருஷம் இருக்கிறது.

எழிலின் காது சிவந்துவிட்டது. “டிப்போவும் கட்டும் நைனா. ஒரு வருசத்துக்குள்ள பள்ளம் தோண்டல, இந்த வேலைல நான் இருக்க மாட்டேன். இத்தினி பேர் முன்னால சொல்றேன், போதுமா?” என்றாள்.

கோபத்தில் வாக்குக் கொடுக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திலீப்பின் லாரி துறைமுக வாசலில் நிற்கிற நாள் பாதி, ஓடுகிற நாள் பாதி. வீடு ஓடுவது இவள் சம்பளத்தில். “ஏண்டி, டீ குடிக்க வந்த இடத்துல வேலைய எதுக்குடி பந்தயம் வைக்கிற?” என்று வழி முழுக்கத் திட்டினேன். அவள் ஹெல்மெட் போட்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை என்றாள். பொய். எல்லாம் கேட்டது. மறுநாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் போனாலே டீக்கடையிலிருந்து, “நோட்டீஸ் அக்கா, வேல கீதா, பூச்சா?” என்று குரல் வரும்.

டிப்போவின் மேலாளர் பொன்ராஜ். எப்போதும் வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரிப்பு. நாங்கள் போனதும் இளநீர் வெட்டச் சொன்னார். பிறகு எங்களை ஒரு தொட்டியிடம் அழைத்துப் போனார். நீல நிறப் பெயிண்ட் அடித்த அழகான தொட்டி. உள்ளே ஆரஞ்சு நிற மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

“பாருங்க மேடம். நாங்க லாரி கழுவுற தண்ணியில மீனே வாழுது. இதைவிட என்ன சான்று வேணும்?” என்றார் பொன்ராஜ்.

எழில் குனிந்து பார்த்தாள். “பொரி போடுறீங்களா சார்?”

“தினமும் மேடம்! நானே என் கையால போடுவேன்.”

“சார், குப்ப லாரி கழுவுற தண்ணில மீன் உயிரோட கீதுன்னா, அந்தத் தண்ணி இங்க வரவே இல்லன்னு அர்த்தம். அது எங்க போவுது?”

பொன்ராஜ் கொஞ்சமும் அசரவில்லை. “ஆவியாயிடும் மேடம். நம்ம ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசணிக்காயே ஆவியாகிவிட்டது என்று சொன்னவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லாரி கழுவுகிற மேடையிலிருந்து மதில் வரை வெறும் மண் தரை. மதிலை ஒட்டி உடைந்த குப்பைத் தொட்டிகள் மலை மாதிரி குவிந்திருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் முள்புதர், அதற்கப்பால் கால்வாய். தண்ணீர் எப்படியோ அங்கேதான் போகிறது என்று எழிலுக்குத் தெரியும். எந்த வழியாக என்றுதான் தெரியவில்லை. தோண்டிப் பார்க்க மேலிடத்து அனுமதி வேண்டும், மேலிடம் அனுமதி தராது. டிரைவர்களைக் கேட்டாள். எல்லோருக்கும் திடீரென்று காது மந்தமாகிவிட்டது.

கடைசியில் கிருஷ்ணப்பனைக் கேட்டாள்.

கிருஷ்ணப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மாநகராட்சியில் ஒரு மரியாதை உண்டு. பெரிய மனிதர் யார் வந்தாலும், அவர் போகிற வழியில் இருக்கிற கால்வாய், சாக்கடை எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு போட வேண்டும். கொசு இருக்கலாம், நாற்றம் இருக்கலாம், கோடு இல்லாமல் இருக்கக் கூடாது. அந்தக் கோடு போடுவதில் கிருஷ்ணப்பனை அடிக்க ஆள் கிடையாது. கோணிப்பையைத் தட்டிக்கொண்டே நடந்தார் என்றால், கொத்தனார் நூல் பிடித்தாலும் அவ்வளவு நேராக வராது. ஒருமுறை குறுக்கே படுத்திருந்த நாயை எழுப்ப மனமில்லாமல் அதைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டுப் போனவர். டிப்போவில் பல வருஷம் வேலை பார்த்து, முட்டி வலி வந்த பிறகு எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார்.

“அண்ணே, டிப்போல லாரி கழுவுற தண்ணி எந்தப் பக்கமா போவுது?” என்று எழில் கேட்டாள்.

கிருஷ்ணப்பன் மேலே மின்விசிறியைப் பார்த்தார். “அந்த டிப்போ சோத்தத் துன்னு புள்ளைங்கள வளத்தவன்மா நானு. அங்கத்து விசியம் என் வாயால வராது. என்ன விட்ருமா.”

எழில் அப்படியே விட்டுவிட்டாள். ஒரு வார்த்தை மறுபேச்சு இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் எதையும் அவ்வளவு சுலபமாக விடுகிற ஜாதி இல்லை.

அந்த ஒரு வருஷம் முடிகிற நேரத்தில் மண்டல அதிகாரி அவளைக் கூப்பிட்டார். கால்வாய் மாசு பற்றி விசாரிக்கிற ஆய்வுக் குழு டிப்போவைப் பார்க்க வருகிறது. ‘இங்கே எல்லாம் விதிப்படி இருக்கிறது’ என்று எழில் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் டிப்போ தொட்டி கட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவர் மென்மையாகத்தான் சொன்னார். “நம்ம வீட்டு அழுக்கை நாமே தெருவுல கொட்டலாமாம்மா? இந்த வேலை பிடிக்கலைன்னா சொல்லு. நாய் பிடிக்கிற பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு.”

“குழு வந்து பாக்கட்டும் சார். பாத்த எடத்துலயே போடுறேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வந்தவள் என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பாதி தண்ணீர் என் கீபோர்டில் கொட்டியது. “மெர்லின், கையெழுத்துப் போட்டா, வசீம் கடைல பூட்டுப் போட்டேனே, அந்தக் கையாலதான போடணும்? எனக்குப் பயமா கீதுடி” என்றாள். அவள் பயப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பொன்ராஜ். “மேடம், நாளைக்கு டிப்போவுக்குப் பவுடர் போட ஒரு ஆள் வேணும். நல்ல ஆளா அனுப்புங்க, மானப் பிரச்சினை.”

எழில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. “கிருஷ்ணப்பன் அண்ணன அனுப்பட்டா சார்? அவர மாதிரி கோடு போட இந்த ஊர்ல ஆள் இல்ல.”

“அட, அவர் நம்ம டிப்போ ஆளாச்சே! ரொம்ப நல்லது மேடம். அவர்கிட்ட போனைக் குடுங்க.”

கிருஷ்ணப்பன் போனை வாங்கினார். பொன்ராஜின் குரல் எங்கள் அறை முழுக்கக் கேட்டது. “கிருஷ்ணப்பா, ஒரு கால்வாய் விடக் கூடாது. எல்லாத்துக்கும் ரெண்டு பக்கமும் போடணும். புரியுதா?”

“எனக்கே சொல்லித் தர்றியா சார்? ஒண்ணு வுடமாட்டேன்” என்றார் கிருஷ்ணப்பன், கொஞ்சம் கோபமாகவே.

மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிருஷ்ணப்பன் வேலையை முடித்துவிட்டு, கோணிப்பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பொன்ராஜ் வாசலில் சால்வையோடு காத்திருந்தார். வாசல் கோடுகளைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. உள்ளே போய் அவர் பார்க்கவே இல்லை.

ஆய்வுக் குழுவுக்குத் தலைவி ஓர் அம்மாள். தலையில் தொப்பி, காலில் விளையாட்டு ஷூ. சால்வையை வாங்கி டிரைவரிடம் கொடுத்தார், இளநீரை வேண்டாம் என்றார், மீன் தொட்டியைப் பார்த்து ‘ஓ’ என்றார். திரும்புகிற நேரத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

லாரி கழுவுகிற மேடையிலிருந்து வெறும் மண் தரையின் நடுவே இரண்டு வெள்ளைக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. ஓடி, குப்பைத் தொட்டிக் குவியலுக்குள் நுழைந்தன. குவியலில் சில தொட்டிகளை நகர்த்தி வழி விட்டிருந்தது. மதிலின் அடியில், ஒரு பொந்தின் வாயில், இரண்டு கோடுகளும் அழகாக முடிந்தன.

“இங்கே கால்வாயே இல்லையே. இந்தக் கோடு எதுக்கு?” என்றார் அந்த அம்மாள்.

பொன்ராஜின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. “அழகுக்கு மேடம்” என்றார்.

அந்த அம்மாள் கிருஷ்ணப்பனிடம் திரும்பினார். “நீங்கதானே போட்டீங்க? இது என்னங்க?”

“காலுவாமா” என்றார் கிருஷ்ணப்பன் பெருமையாக.

“கால்வாய் எங்கே?”

“கோட்டுக்கு நடுவுலமா.”

“மண்ணுதானே இருக்கு?”

கிருஷ்ணப்பன் மண்ணைப் பார்த்தார். பொன்ராஜைப் பார்த்தார். நிதானமாகத் திரும்பி எழிலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. “அங்கத்து விசியம் என் வாயால ஒண்ணும் வராதுமா” என்று சொல்லிவிட்டுக் கோணிப்பையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் முழுக்கப் பவுடர்.

நான் பெரிய சிரிப்பைப் பெரிய இருமலாக மாற்றிக்கொண்டேன். மண்வெட்டி வந்தது. ஒரு முழம் தோண்டியதும் சிமெண்டுப் பலகை தட்டுப்பட்டது. அதைத் தூக்கினால் உள்ளே கறுப்பாக, மினுமினுவென்று, கொழகொழவென்று ஓடிக்கொண்டிருந்தது டிப்போவின் பன்னீர். எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். எழில் மட்டும் பொத்தவில்லை, அவளுக்கு அந்த நாற்றம் அவ்வளவு இனிப்பாக இருந்திருக்கிறது.

உத்தரவு அந்த இடத்திலேயே வந்தது. ஒழுங்கான தொட்டியை உடனே கட்ட வேண்டும். கட்டி முடிக்கும் வரை டிப்போவில் ஒரு லாரியும் கழுவக் கூடாது. முறையான தொட்டி இருக்கிற இடத்தில்தான் கழுவ வேண்டும். “இந்தப் பக்கத்துல அப்படி இடம் இருக்கா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“ஒண்ணு இருக்கு மேடம். நானே சோதிச்சு திறந்து விட்டது” என்றாள் எழில். சான்றிதழ் அவள் கைப்பையில் மடித்தபடியே இருந்தது, யாரும் அதைக் கேட்கவில்லை.

மண்டல அதிகாரிதான் எங்களை அசத்தினார். குழு தன் அறிக்கையில், தன் குறையைத் தானே கோடு போட்டுக் காட்டிய நேர்மையான மண்டலம் என்று எழுதிவிட்டது. அதிகாரி அந்தப் பாராட்டைக் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டார். நாய் பிடிக்கிற பேச்சு அதோடு போயிற்று. கிருஷ்ணப்பன் மட்டும் எழிலோடு பேசுவதை நிறுத்திவிட்டார். “என்ன வச்சே ஆட்டம் ஆடிட்டியேமா” என்று சொன்னதோடு சரி. எழில் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். பேசாமல் இருந்தாலும் அவள் மேசைக்குப் போகிற டீயை அவர்தான் இன்றும் கொண்டு வந்து, டங்கென்று வைத்துவிட்டுப் போகிறார்.

தொட்டிக்குப் பள்ளம் வெட்ட ஆரம்பித்த அன்று எழில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வசீம் கடைக்குப் போனாள். வாக்கைக் காப்பாற்றியவள் இல்லையா, பாராட்டு வாங்கப் போகிறாளாம். டீக்கடையில் கை தட்டினார்கள். குப்பை லாரிகள் தெரு முனை வரை நின்றன. வசீம் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினார். சிரிக்கவில்லை.

“அக்கா, சொன்னத செஞ்சிட்ட. ஒத்துக்கறேன். ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு நைனா.”

“நான் தப்பு பண்ணேன், கடைக்குப் பூட்டு. டிப்போ தப்பு பண்ணுச்சு, லாரி ஓடிக்கினேதான் கீது. பொன்ராஜ் சாருக்கு ஒரு நாள் சம்பளம் நின்னுச்சா?”

எழில் இல்லை என்று தலையாட்டினாள்.

“போன மயக்காலம் பூரா என் வூட்ல ஒண்ணும் இல்லக்கா. என் பொண்டாட்டி அவங்கம்மா வூட்லர்ந்து அரிசி வாங்கினு வந்தா. மச்சானுங்க மூஞ்சிய நான் எப்டி பாத்திருப்பேன்? நான் பண்ணது தப்புதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த அசிங்கம் எனக்கு மட்டும் எதுக்குக்கா?”

மேசையைத் தட்டுகிற எழில் தலையைக் குனிந்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். திரும்பி வருகிற வழியில் விம்கோ நகர் ஸ்டேஷன் பக்கம் வண்டியை ஓரம் கட்டி அழுதாள். “பூட்டுப் போட சொல்லோ அந்த வூட்டு அடுப்ப நான் நெனச்சே பாக்கலடி” என்றாள். வசீம் கேட்டது நியாயம்.

மறுநாள் காலை என்னை இரண்டு கடிதங்கள் டைப் அடிக்கச் சொன்னாள். சின்னக் கடைகளை மூடாமலே தொட்டி கட்ட அவகாசம் தர வேண்டும் என்பது முதலாவது. அந்தக் கோப்பு இன்னும் மேலே மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவளும் விடாமல் பின்னாலேயே போகிறாள். இரண்டாவது சின்னக் கடிதம். லாரிகள் வெளியிடத்தில் கழுவப்படும்வரை டிப்போ மேலாளர் நாள் முழுவதும் அங்கே நேரில் நின்று மேற்பார்வையிட வேண்டும். பாராட்டு வாங்கிய போதையில் இருந்த அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளைச் சட்டையோடு பொன்ராஜ் வந்து நின்றார். உச்சி வெயில், வரிசையாகக் குப்பை லாரிகள், ஒவ்வொன்றின் அடியிலும் பழைய மீன் கழிவு. வசீம் குழாயைத் திருப்பி ஒரு லாரியின் சக்கரத்தில் முழு வேகத்தில் அடித்தார். அடித்து முடித்த பிறகு, ரொம்ப மரியாதையாக, “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெறிக்கும்” என்றார். வெள்ளைச் சட்டையில் வெள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

டீக்கடை பெஞ்சு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். எழிலும் சிரித்தாள், சிரித்துவிட்டு வசீமின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“அக்கா, இத்த வச்சு நான் உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத” என்றார் வசீம்.

“நெனைக்கல.”

அவர் குழாயை மூடினார். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி, “மாஸ்டர், மூணு டீ. அக்காக்கு, மெர்லின் அக்காக்கு, எனக்கு” என்று குரல் கொடுத்தார். பொன்ராஜ் நான்காவதாக நின்றுகொண்டிருந்தார்.